மூன்றாம் ஓலை

ஆதிகேசவன் இருமினால் மர்பி டவுனில் ஒரு கல்யாணம் நின்றுபோகும் என்பார்கள். கேலிதான். ஆனால் சொல்கிறவர்கள் யாரும் சிரித்ததில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். ஓலையும் கிடையாது, எழுத்தாணியும் கிடையாது. கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள்தான். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணமுடிக்கப் போகிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று போதகர் வாசித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த நேரத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அது எவ்வளவு நீளமான நேரம் என்று பெண்ணைப் பெற்றவளைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு தடவை சொர்ணத்தின் மகளுக்கு ஓலை வாசித்தபோது, அந்த நேரத்தில் சபைச் செயலாளர் ஆதிகேசவன் இருமிக்கொண்டே எழுந்தார். மாப்பிள்ளைக்குத் தங்கவயலில் ஏற்கெனவே பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்றார். விசாரித்தால் அத்தனையும் உண்மை. சொர்ணத்தின் மகள் தப்பித்தாள் என்று சபையே சொன்னது. சொர்ணத்தின் மகள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஓசூர்ப் பக்கம் போனவள், பிறகு அந்தக் கோயில் படியை மிதிக்கவேயில்லை. அன்றிலிருந்து ஓலை வாசிக்கும்போதெல்லாம் ஜனங்கள் போதகரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆதிகேசவனின் தொண்டையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இப்போது ஓலையில் ஏறியிருப்பது அவருடைய சொந்தத் தம்பி எத்திராஜின் மகள் ரக்ஷிதாவின் பெயர். எத்திராஜ் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மனைவி ஜூடித் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை பார்த்து மகளை வளர்த்து, படிக்க வைத்து, இன்று இந்த ஓலைவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். மாப்பிள்ளை கிரண், ஐ.டி. கம்பெனிக்காரன். அமைதியான பையன். குடி இல்லை, சிகரெட் இல்லை. இந்தக் காலத்தில் இப்படியொரு பையன் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று ஜூடித்தே பத்துப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

முதல் ஓலை அன்று எந்தக் குறையும் இல்லை. ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று, தாங்கள் நம்புவதை வரிவரியாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். ஆண்கள் பக்கம் கிரண் நல்ல குரலில் சொல்லிக்கொண்டு வந்தான். இயேசு படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவும் அவரும் ஒரே தன்மை என்று வரும் இடத்தில் அவன் உதடு நின்றது. அந்த வரி முடிந்ததும் மறுபடி அசைந்தது. முந்நூறு பேர் ஒன்றாகச் சொல்லும்போது ஒரு குரல் குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஜூடித்துக்குத் தெரிந்தது, மருமகனாகப் போகிறவனை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால். சட்டென்று முன்வரிசையைப் பார்த்தாள். ஆதிகேசவன் பலிபீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழுதாகத் திரும்பி நின்று, கிரணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் ஜூடித் வீட்டில் பிரியாணி. கிரண் வந்திருந்தான். கூப்பிடாமலே ஆதிகேசவனும் வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, கிரணுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, தொண்டை சரியில்லையா? நடுவுல நின்னுபூட்டியே?"

"சளி மாமா," என்றாள் ஜூடித், அவன் வாய் திறப்பதற்குள். "ரெண்டு நாளா சளி அவனுக்கு. வெங்காயம் போட்டுக்குங்க மாமா."

"சளி இல்ல ஆன்ட்டி," என்றான் கிரண் மெதுவாக.

இதுதான் கிரண். ரக்ஷிதா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டால், நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே சொல்லும் ரகம். ஜூடித்துக்கு அந்த நிமிஷம் அவன் மண்டையில் கரண்டியால் ஒன்று போடலாம் போலிருந்தது.

"எங்க வீட்ல வேற மாதிரி நம்புவோம் பெரியப்பா," என்றான் கிரண். அவனுடைய அப்பா கம்மனஹள்ளியில் பத்துக் குடும்பங்களைச் சேர்த்து வீட்டிலேயே ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். "இயேசு எல்லாத்துக்கும் மேல. அவர் வழியாத்தான் எல்லாம் வந்துச்சு. ஆனா அவரையும் கடவுள்தான் படைச்சார், முதல்ல படைச்சார்னு நம்பறோம். மகன்னு சொல்றோம்ல? அப்பா இருந்தப்புறம்தானே மகன்? அவர் ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணினாரே, தனக்குத்தானேவா பண்ணிக்கிட்டார்?"

"அப்ப அவரு நம்மள மாதிரி ஒரு ஆளா?"

"நம்மள மாதிரி படைக்கப்பட்டவர். எனக்கு அதுதான் பெரியப்பா தைரியமே. கடவுளே ஜெயிச்சா அதுல ஆச்சரியம் என்ன இருக்கு? படைக்கப்பட்ட ஒருத்தர் கடைசிவரைக்கும் கீழ்ப்படிஞ்சு நின்னார்னா, என்னாலயும் நிக்க முடியும்ல?"

ரக்ஷிதா தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இந்த வாக்குவாதம் அவளுக்குப் பழசு. பஸ் ஸ்டாப்பில், அல்சூர் ஏரிக்கரையில், போனில் என்று ஒரு வருஷமாக அவனோடு இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளும் விட்டுக்கொடுத்ததில்லை, அவனும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆதிகேசவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜூடித்துக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் எலும்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார்.

"எம் பையன் ஓசூர் ரோட்டுல லாரிக்கு அடியில போனானே, உனக்குத் தெரியாது தம்பி. அன்னிக்கு மார்ச்சுவரி வாசல்ல நான் உக்காந்துக்கினு இருந்தேன். எம் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. கடவுள் அனுப்பிச்ச ஆளு இல்ல, கடவுளே. தன் புள்ளைய சாகக் குடுத்தவரு, தானே செத்தவரு. அத நம்பினதாலதான் இன்னிக்கு சோறு துன்றேன். நீ சொல்ற மாதிரி அவரு அனுப்பிச்ச ஆளுதான்னா, அன்னிக்கு எம் பக்கத்துல யாருமே இல்லன்னு ஆவும். அத நான் வுட மாட்டேன்."

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"உன் உள்ளுக்குள்ள பூந்து பாக்க எனக்கு அதிகாரம் இல்ல தம்பி. ஆனா மூணாவது ஓலையன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் முன்னாடி நின்னு பிரமாணத்த சொல்லணும், சபை உங்க பின்னாடி சொல்லும். அதான் இந்தக் கோயில் வழக்கம். அந்த எடத்துல நீ வாயத் தொறந்து சொன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். சொல்லலன்னா எழுந்துருப்பேன். எந் தம்பி பொண்ணுன்னு பாக்க மாட்டேன்."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவர் திரும்பி, "பிரியாணி நல்லா இருந்துச்சும்மா ஜூடித்து," என்றார். அதையும் அவர் மனசாரத்தான் சொன்னார்.

அவர் தெரு முனை திரும்பியதும் ரக்ஷிதா சொன்னாள்: "நீ சொல்லாத கிரண். பெரியப்பா எழுந்தா எழுந்துக்கட்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்குது."

"என்னடி பேசற?" என்றாள் ஜூடித். "கோயில்ல எழுந்து சொன்னப்புறம் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா? சொர்ணம் பொண்ணு கதி தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா எனக்கு அப்பா கதையும் தெரியும்மா."

எத்திராஜ் குடித்துவிட்டு அடிப்பான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால், பலிபீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு, இனித் தொடமாட்டேன், ஆண்டவர் மேல் ஆணை என்று சபை கேட்க அழுவான். சபையும் கூடவே அழும். சாயங்காலம் மறுபடி பாட்டில். ஒரு தடவை அப்படி முட்டி போட்டு எழுந்து வந்தவனை, பத்து வயது ரக்ஷிதா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. இந்த ஆள் யார் என்று அடையாளம் தெரியாதது போல ஒரு பார்வை. அதன்பிறகு அப்பா என்று அவனைக் கூப்பிட்டதேயில்லை.

"இயேசு யாருன்னு எங்களுக்குள்ள ஒத்துவரல. பரவாயில்ல, சாவற வரைக்கும் சண்டை போட்டுக்குவோம்," என்றாள் ரக்ஷிதா. "ஆனா இவன் ஒருநாளும் எங்கிட்ட பொய் சொன்னதில்லம்மா. அந்த ஒண்ணுக்காகத்தான் இவனக் கட்டிக்கிறேன். பலிபீடத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்ற இன்னொரு ஆம்பள எனக்கு வேணாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் சொல்ல முடியாது. ஜூடித்துக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் பயம் வந்துவிட்டால் காது கேட்டும் பயனில்லை.

இரண்டாவது ஓலை அன்று ஆதிகேசவன் தன்னுடைய முன்வரிசையில் இல்லை. கிரணுக்கு நேர் பின்னாலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காக அவர் உட்கார்ந்த இடம் காலியாகக் கிடந்தது, யாரும் அதில் உட்காரத் துணியவில்லை. பிரமாணம் வந்தது. அந்த வரியும் வந்தது. ஆதிகேசவன் தலையைச் சாய்த்து, கிரணின் பிடரிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். வரி முடிந்ததும் நிமிர்ந்துகொண்டார். போதகர் கவியரசன் ஓலை வாசித்து நிறுத்தியபோது ஜூடித் ஆதிகேசவனையே பார்த்தாள். அவர் இருமவில்லை. அவர் சொன்ன சொல் தவறாதவர். மூன்றாவது ஓலை என்றால் மூன்றாவது ஓலைதான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எதிரே இறைச்சிக் கடைகளுக்கு மேலே பருந்துகள் தாழச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜூடித் போதகரைத் தனியாகப் பிடித்து, என்ன செய்வது ஐயா என்றாள். கவியரசன் வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளம் போதகர். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "செயலாளர் எழுந்திட்டா நான் ஓலைய நிறுத்தித்தான் ஆகணும், அம்மா. நீங்க அவர்கிட்டயே பேசிப் பாருங்களேன்," என்றார். நல்ல போதகர்தான். ஆனால் முதுகெலும்பு இல்லாதவரை நிமிர்ந்து நில் என்று சொல்லி என்ன பிரயோஜனம்.

மாமாவிடம் பேச முடியாது. மகளிடம் பேச முடியாது. பாக்கியிருந்தது ஒரே ஆள்தான். புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஜூடித் வீட்டுக்குப் போகாமல் ஆட்டோ பிடித்து கிரணின் ஆபீசுக்குப் போனாள். எதிரிலிருந்த தர்ஷினி ஓட்டலில் கிரண் கன்னடத்தில் "எரடு காஃபி" என்று சொல்லி இரண்டு காபி வாங்கி வந்து, நின்றுகொண்டே குடிக்கும் அந்த வட்ட மேஜையில் வைத்தான். அவள் காபியைத் தொடவில்லை.

"ஒரே ஒரு வரி கண்ணு. அத சொல்லிடு. மனசுக்குள்ள நீ இன்னா வேணா நெனச்சுக்கோ. வாய்தானே? வாய் சொல்றத எல்லாம் கடவுள் கணக்குல வெக்க மாட்டாரு."

"அப்படின்னா கல்யாணத்தன்னிக்கு நான் சொல்லப்போறதும் வாய்தானே ஆன்ட்டி? அதையும் கணக்குல வெக்க வேணாமா?"

ஜூடித் அழ ஆரம்பித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே, அந்தக் கோயிலில்தான் ரக்ஷிதாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, அங்கேயிருந்துதான் அவள் அப்பன் சவப்பெட்டி போனது, நாளைக்கு என் பெட்டியும் அங்கேயிருந்துதான் போக வேண்டும், அதையெல்லாம் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு அவளை எங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறாய் என்றாள். அவள் இன்று உன் பக்கம் பேசுவாள், பத்து வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் அன்று போக ஒரு கோயில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள், அன்று உன்னைத்தான் பார்ப்பாள் என்றாள். கடைசிச் சொல் அவனைத் தைத்தது. அது முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

காபியில் ஆடை படிந்துவிட்டது. கிரண் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரக்ஷிகிட்ட என்ன சொல்றது?"

"மனசு மாறிடுச்சுன்னு சொல்லு."

"அவகிட்ட சொல்ல மாட்டேன். அந்தப் பொய் வேணாம்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த வரிய சொல்றேன் ஆன்ட்டி. நீங்க அழாதீங்க."

ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பெரிய பாரம் இறங்கியது போலத்தான் முதலில் இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? இத்தனை நாள் பயந்தாள், ஆனால் மடி லேசாக இருந்தது. இன்றைக்கு மடியும் கனத்தது. அந்த வாரம் முழுக்க ரக்ஷிதாவின் முகத்தைப் பார்த்து அவளால் சோறு பரிமாற முடியவில்லை. ரக்ஷிதாவோ ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். சபையின் மூக்கு அப்படி. எங்கே எது வேகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். ஆதிகேசவன் இன்று வேறொரு இடத்தில் இருந்தார். பலிபீடத்துக்கு முன்னால் ஜோடி நிற்கும் படிக்கு நேர் கீழே, ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கேயிருந்து கையை நீட்டினால் கிரணின் சட்டைப் பொத்தானைத் தொடலாம்.

கிரணும் ரக்ஷிதாவும் சபையைப் பார்த்து நின்றார்கள். ரக்ஷிதா நிமிர்ந்து, தயாராக நின்றாள். அவள் கை கிரணின் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி எதற்கென்று ஜூடித்துக்குத் தெரியும். அவன் உதடு நிற்கும்போது, நின்றாலும் நான் உன்னோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கான பிடி அது. பெரியப்பா எழுந்ததும் அப்படியே அவனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி நடந்துவிடுவாள். ஐயோ, இப்போதாவது எழுந்து ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தலாமா என்று ஜூடித்துக்கு இருந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

பிரமாணம் தொடங்கியது. இரண்டு குரலும் முன்னால் போக, சபை பின்னால் வந்தது. வானத்தைப் படைத்தவர், பூமியைப் படைத்தவர் என்று ஒவ்வொரு வரியாகப் போய், அந்த வரி வந்தது.

கிரண் சொன்னான். வாய்க்குள் முணுமுணுக்கவில்லை, ஆதிகேசவன் காதில் விழ வேண்டும் என்பதற்காக, கோயில் முழுக்கக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னான். சொல்லும்போது அவன் கண் மூடியிருந்தது. நின்றது ரக்ஷிதாவின் குரல்தான். முழங்கையைப் பிடித்திருந்த அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு பிரமாணம் முடியும்வரை ஆண்குரல் ஒன்றுதான் சபைக்கு முன்னால் போனது.

ஆதிகேசவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திருப்திதான். கண்கூடக் கலங்கியிருந்தது. ஓர் ஆத்துமா மந்தைக்குத் திரும்பிவிட்டது என்று அவர் நம்பினார் போலிருக்கிறது. கவியரசன் தாளை எடுத்து அவசர அவசரமாக வாசித்தார்: கம்மனஹள்ளி இன்னாருடைய மகன் கிரண், மர்பி டவுன் காலஞ்சென்ற எத்திராஜ், ஜூடித் இவர்களுடைய மகள் ரக்ஷிதா, இது மூன்றாவது ஓலை, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்.

நிறுத்தினார். மின்விசிறி சுற்றியது. கோயிலே ஆதிகேசவனின் தொண்டையைப் பார்த்தது. அவர் இருமவில்லை. ஜூடித் இத்தனை வாரமாக அடைத்து வைத்திருந்த மூச்சை மெதுவாக வெளியே விட்டாள்.

"எனக்கு இருக்குது, ஐயா."

குரல் எங்கேயிருந்து வந்தது என்று சபைக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பின்வரிசைக்காரர்கள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கதவுப் பக்கத்திலிருந்து வரவில்லை. படியின் மேல், கிரணுக்குப் பக்கத்தில் நின்ற பெண் பேசினாள்.

"ரக்ஷிதா, நீங்க... பெண் நீங்கதானே?" என்றார் கவியரசன்.

"ஆமாம் ஐயா. எனக்குத்தான் ஆட்சேபணை. இவர் இப்ப சொன்னத இவர் நம்பல. அது எனக்குத் தெரியும். நான் அத நம்பறேன், முழுசா நம்பறேன். அதனாலதான் அத வெச்சு யாரும் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்றேன்." கிரண் பக்கம் திரும்பினாள். "நீ சும்மா நின்னிருக்கலாமே கிரண். நான் இருந்தேனே. யாரு சொல்லச் சொன்னாங்க?"

ஜூடித்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கிரண் நினைத்தான், பொய் சொல்லவும் வாய் வரவில்லை; ஒரு நாளைக்கு அவனால் அவ்வளவுதான் முடியும். தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் குனிவதற்கு முன்னால், அவனையறியாமல், அவன் கண் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சுக்கு ஒரு தரம் போய்த் திரும்பியது.

ரக்ஷிதா அந்தக் கண் போன வழியே பார்த்தாள்.

முந்நூறு தலைக்கு நடுவில் ஜூடித் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று தலையாட்டினால் போதும். கிரண் கடைசிவரை சொல்லமாட்டான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு பொய். வாய்கூடத் திறக்க வேண்டாம். ஆனால் மகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லாமல், கோபம் இல்லாமல், இந்தப் பொம்பளை யார் என்று அடையாளம் தெரியாதது போல. அந்தப் பார்வையை ஜூடித் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அன்று அது தன் மேல் விழவில்லை என்று நிம்மதிப்பட்டிருந்தாள்.

"அம்மா," என்று கூப்பிடுவாள், திட்டவாவது கூப்பிடுவாள் என்று ஜூடித் காத்திருந்தாள். ரக்ஷிதா கூப்பிடவில்லை. படியிறங்கி, மடக்கு நாற்காலியைத் தாண்டி, நடுப்பாதையில் தனியாக நடந்து வெளியே போனாள். கவியரசன் தாளை நான்காக மடித்து வைத்தார்.